எலியின் நான்கு நாள் கணக்கை வைத்திருப்பது யார்?

கேள்வி: "பெண் எலிக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை சினைமுட்டை வெளியாகிறது என்று படித்தேன். இந்தக் கணக்கை வைத்திருப்பது சூலகமா, மூளையா? மனிதர்களுக்கும் இப்படித்தானா?"

எலியைப் பொறுத்தவரை, "தயார்" என்று சொல்வது சூலகம். "இன்றைக்கு, இத்தனை மணிக்கு" என்று சொல்வது மூளை. அவசரத்தில் இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இது உறைத்தது கெட்டுப்போன ஒரு டைமரால். அந்தக் கதையையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதுகலை முடித்த கையோடு ஓர் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு விலங்குக் கூடத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பெண் எலியையும் கையில் எடுத்து, சொட்டுக் குழாயால் யோனியில் துளி உப்புக் கரைசலை விட்டு, திரும்ப உறிஞ்சி, ஸ்லைடில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கினிப் பன்றிகளில் இதை 1917இல் செய்து காட்டியவர்கள் ஸ்டாக்கார்டும் பாப்பனிகொலாவும். இன்று பெண்களுக்குச் செய்யப்படும் "பாப்" பரிசோதனையில் இருப்பது பாப்பனிகொலாவின் பெயர்தான். 1922இல் லாங், எவன்ஸ் இருவரும் எலிக்கு இதை விரிவாக எழுதி வைத்தார்கள். உட்கரு தெளிவாகத் தெரியும் உருண்டைச் செல்கள் இருந்தால் முட்டை வெளியாவதற்கு முந்தைய நாள். உட்கரு இல்லாமல் காய்ந்த சருகு போன்ற செல்கள் குவிந்திருந்தால் அதற்கு அடுத்த நாள். வெள்ளணுக்கள் நிறைந்திருந்தால் இடைப்பட்ட நாட்கள். பழகிவிட்டால் ஒரு ஸ்லைடுக்குப் பத்து நொடி போதும்.

ஒரு கட்டத்தில் எங்கள் எலிகள் எல்லாவற்றிலும் சருகுச் செல்களே வரத் தொடங்கின. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தினமும். என் கைப்பழக்கத்தில்தான் கோளாறு என்று மேலே இருந்தவர்கள் முடிவு கட்டினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. குழாயை ஆழமாக விட்டுக் கருப்பை வாயைத் தொட்டுவிட்டால் எலி புணர்ந்துவிட்டதாகவே அதன் உடல் எடுத்துக்கொள்ளும்; பொய்க் கர்ப்பம் வந்து பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வெள்ளணுக்களாகத் தெரியும். இங்கே இருந்ததோ அதற்கு நேர் எதிர். கடைசியில் துப்பு கொடுத்தவர், கூடத்தைச் சுத்தம் செய்யும் பெரியவர். மறந்துபோன குடையை எடுக்க இரவில் வந்தவர் மறுநாள் காலையில் என்னிடம் கேட்டார்: "தம்பி, ராத்திரியும் எலிகளுக்கு விளக்கு எரிய வேண்டுமா?" பன்னிரண்டு மணி நேரம் ஒளி, பன்னிரண்டு மணி நேரம் இருள் என்று மாற்றித் தர வேண்டிய டைமர் எப்போதோ நின்றுபோயிருந்தது. நாங்கள் எல்லோரும் பகலில் மட்டுமே உள்ளே போனதால் யாருக்கும் தெரியவில்லை.

விளக்கு அணையாததற்கும் சினைமுட்டைக்கும் என்ன தொடர்பு?

பாடப்புத்தகம் ஓர் அம்புக்குறிப் படம் தரும். மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விடும். அது மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரு ஹார்மோன்களையும் வெளிக்கொண்டுவரும். அவை சூலகத்தைத் தூண்டும். சூலகம் சுரக்கும் எஸ்ட்ரோஜன் மேலே போய் "போதும்" என்று அடக்கும். படம் சரிதான். பிட்யூட்டரி தானாக எதையும் தீர்மானிப்பதில்லை என்பதை 1952இல் ஹாரிஸ், ஜேக்கப்சோன் இருவரும் எலியிலேயே நிரூபித்தார்கள். பிட்யூட்டரியை எடுத்துவிட்ட எலிகளில், வேறொரு பிட்யூட்டரியை ஹைப்போதலாமஸின் அடியில் ஒட்டினால் இரத்தக் குழாய்கள் மீண்டும் இணைந்து சுழற்சி திரும்பியது. அதையே மூளையின் பக்கவாட்டு மடலுக்கு அடியில் ஒட்டினால் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் கடிகாரம் இல்லை. கடிகாரத்தைக் கண்டவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த எவரெட்டும் சாயரும். 1950இல் வந்த அவர்களின் சோதனை எனக்கு இன்றும் பிடித்தமானது. ஒரு மயக்க மருந்தும் சுவர்க் கடிகாரமும் தவிரப் பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. முட்டை வெளியாகும் இரவுக்கு முந்தைய பிற்பகல் 2 மணிக்கு எலியை மயக்க மருந்தில் ஆழ்த்தினால் அன்றிரவு முட்டை வெளியாகவில்லை. 4 மணிக்குப் பிறகு கொடுத்தால் எந்தத் தடையும் இல்லை. இரண்டிலிருந்து நான்குக்குள் மூளை ஏதோ ஓர் உத்தரவை அனுப்பிவிடுகிறது. அதைத் தவறவிட்ட எலி, மருந்து தெளிந்ததும் ஆறேழு மணி நேரம் தாமதமாக முட்டையை விட்டதா என்றால் இல்லை. சரியாக 24 மணி நேரம் காத்திருந்து, மறுநாள் அதே வேளையில் விட்டது. காலை பஸ்ஸைத் தவறவிட்டவர் மறுநாள் காலை வரை நிறுத்தத்திலேயே நிற்பதைப் போல.

1975இல் லீகன், கார்ஷ் இருவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சூலகம் அகற்றப்பட்ட எலிகளுக்கு எஸ்ட்ரோஜனை மாறாத அளவில் கிடைக்கச் செய்தார்கள். முட்டையை வெளிவரச் செய்யும் எல்எச் தினமும் பிற்பகலில் பொங்கியது, நான்கு நாளுக்கு ஒரு முறை என்றில்லாமல் தினமும். அதாவது மூளையின் கடிகாரம் ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது. எஸ்ட்ரோஜன் போதுமான அளவு ஏறிய நாளில் மட்டும் கதவு திறக்கிறது. முட்டைப் பைகள் வளர்ந்து அந்த அளவு எஸ்ட்ரோஜனைச் சுரக்க நான்கைந்து நாள் ஆகிறது. எலியின் "நான்கு நாள்" என்பது இந்தக் காத்திருப்புதான்.

கடிகாரம் இருப்பது பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு நரம்புச் செல் கூட்டத்தில். அதைச் சிதைத்தால் எல்எச் பொங்குவது நின்றுவிடும். இருளே இல்லாத வெளிச்சத்தில் வாரக்கணக்கில் வைத்தாலும் அதன் தாளம் குலையும். எங்கள் எலிகளுக்கு நேர்ந்தது அதுவே. முட்டைப் பைகள் வளர்ந்தன, எஸ்ட்ரோஜன் ஏறியது, கதவும் திறந்திருந்தது, தட்டத்தான் ஆளில்லை. முட்டை வெளியாகாமல் எஸ்ட்ரோஜன் மட்டும் நீடித்ததால் ஸ்லைடில் நாளுக்கு நாள் சருகு. டைமரை மாற்றிய பின் சில வாரங்களில் ஒழுங்கு திரும்பியது. அதுவரை சேர்த்த தரவு முழுவதும் குப்பைக்குப் போனது. என் கைப்பழக்கத்தைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

இனி உண்மையான புதிர். மூன்று நாள் எல்எச்சை அடக்கி வைக்கும் அதே எஸ்ட்ரோஜன் நான்காம் நாள் எப்படி அதைப் பொங்க வைக்கிறது? ஜிஎன்ஆர்எச் செல்களிடமே விடை இருக்கும் என்று பலர் தேடினார்கள். சுண்டெலி மூளையின் ஏறத்தாழ 7 கோடி நரம்புச் செல்களில் இவை ஆயிரத்தைச் சுற்றியே இருக்கும். போதாக்குறைக்கு இவை மூளையில் பிறந்தவையும் அல்ல. கருவில் மூக்கு உருவாகும் இடத்தில் தோன்றி, நரம்பிழைகளைப் பிடித்தபடி மூளைக்குள் இடம்பெயர்பவை என்று 1989இல் தெரியவந்தது. இந்தப் பயணம் தடைபட்ட மனிதர்களுக்குப் பூப்பும் வராது, வாசனையும் தெரியாது. அதைக் கால்மன் நோய்க்குறி என்கிறார்கள். இருக்கட்டும். சிக்கல் என்னவென்றால், எஸ்ட்ரோஜனின் சொல்லைக் கேட்கும் முக்கிய ஏற்பியான ஆல்ஃபா வகை இந்தச் செல்களில் இல்லை. அப்படியானால் நடுவே ஒரு தூதர் இருக்க வேண்டும்.

தூதரின் பெயர் கிஸ்பெப்டின். இதன் மரபணுவை 1996இல் அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் கண்டெடுத்தவர்கள் தேடியது புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் ஒன்றை. ஊரின் புகழ்பெற்ற "கிஸ்" சாக்லேட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2003இல் தனித்தனியாக இரு குழுக்கள் ஒரே விஷயத்தைக் கண்டன: பூப்பே எய்தாத சிலருக்கு இதன் ஏற்பிக்கான மரபணு பழுதாகியிருந்தது. அதே மரபணுவை நீக்கிய சுண்டெலிகளும் பருவம் அடையவில்லை.

இரண்டு ஆண்டுகளில் புதிரின் முடிச்சு அவிழ்ந்தது. சுண்டெலியில் கிஸ்பெப்டின் செல்கள் முக்கியமாக இரண்டு இடங்களில் கூடியிருக்கின்றன. ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் ஆர்குவேட் எனும் இடத்தில் இருப்பவற்றை எஸ்ட்ரோஜன் அடக்குகிறது. முன்பகுதியில் இருப்பவற்றையோ அதே எஸ்ட்ரோஜன் ஊக்குவிக்கிறது. அடியில் உள்ளவை ஜிஎன்ஆர்எச்சை விட்டுவிட்டுத் துடிப்புகளாக விடச் செய்கின்றன; சுண்டெலிகளில் இந்தத் துடிப்புக்குக் காரணம் அவையே என்று 2017இல் நேரடியாகவே காட்டினார்கள். முன்னால் உள்ளவை பெரும் பொங்கலுக்கானவை. கடிகாரத்திலிருந்து வரும் நரம்புகள் போய்ச் சேரும் இடமும் இந்த முன்கூட்டம்தான். தட்டுபவரும் திறப்பவரும் சந்திப்பது இங்கே. ஒரே ஹார்மோன், கேட்கும் செல் வேறு, அதனால் விளைவும் வேறு.

ஆண் எலியில் இந்த முன்கூட்டம் மிகச் சிறியது. எஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் எல்எச் பொங்காது. பிறந்த முதல் சில நாட்களில் டெஸ்டோஸ்டிரோன் மூளையை அப்படி வடித்துவிடுகிறது. 1961இல் பாராக்ளோ, ஐந்து நாள் பெண் குட்டிகளுக்கு ஒரே ஓர் ஊசி டெஸ்டோஸ்டிரோன் போட்டார். வளர்ந்தபின் அவற்றுக்கு வாழ்நாளில் முட்டை வெளியாகவில்லை.

உணவு, வாசனை, பகலின் நீளம் என்று இதில் தலையிடுபவை இன்னும் பல உண்டு. பகல் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால் சிரிய வெள்ளெலியின் விரைகள் சுருங்கிவிடும். அதெல்லாம் தனிக் கேள்விக்கு உரியவை.

மனிதர்களுக்கு எப்படி? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நோபிலின் குழு, ஜிஎன்ஆர்எச் சுரப்பை இழந்த ரீசஸ் குரங்குகளுக்கு மணிக்கு ஒரு முறை, கூட்டாமல் குறைக்காமல், அந்த ஹார்மோனைக் கருவி மூலம் செலுத்தியது. மூளையிலிருந்து எந்தச் சிறப்பு உத்தரவும் இல்லாமலே எல்எச் பொங்கியது, முட்டையும் வெளியானது. அங்கே மூளை தாளம் போட்டால் போதும். எந்த நாள் என்பதைச் சூலகமே பார்த்துக்கொள்கிறது. இந்த விஷயத்தில் நாம் எலியைவிடக் குரங்குக்குத்தான் நெருங்கியவர்கள். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இரண்டாவதற்கு ஏறக்குறையத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.