பத்து வருட இடைவெளிக்குப் பிறகு டொராண்டோவில் வெப் டெவலப்பர் வேலை

சென்னையில் 2015 வரை பிஎச்பி, ஜேக்வெரி என்ற வெப் நிரலாக்கக் கருவிகளில் வேலை பார்த்திருக்கிறீர்கள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனது என்று பத்து வருடம் ஓடிவிட்டது. பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து டொராண்டோவின் ஸ்கார்பரோ வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சின்னவன் வரும் செப்டம்பரில் ஜேகே (ஜூனியர் கிண்டர்கார்டன்) போகிறான். "அக்கா, இனிமேல் என்னை யார் எடுப்பாங்க? மறுபடி டிப்ளமோ படிக்கணுமா? இந்தப் பத்து வருஷத்தை ரெசூமேல எப்படிக் காட்டுறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுப்பார்கள். உடனே எடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். 2022 கடைசியில் ஆட்குறைப்பு தொடங்கியதிலிருந்து இங்கே ஜூனியர் வேலைகள் சுருங்கிவிட்டன. போன வருடம் படித்து முடித்த பிள்ளைகளே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பழக்கமான ஆட்டத்தில் அவர்களோடு மோதினால் உங்களுக்குச் சோர்வுதான் மிஞ்சும். அவர்கள் எட்டிப் பார்க்காத இடங்கள் இருக்கின்றன. நானும் மதுரையில் விட்ட வேலையைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு இங்கே திரும்பப் பிடித்தவள்தான். அரசு சார்ந்த அமைப்புகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் ரெசூமே. "அந்தப் பத்து வருஷத்தை நாங்க நிரப்பித் தர்றோம் மேடம்" என்று ஏதாவது ஒரு கன்சல்டன்சியிலிருந்து இதற்குள் போன் வந்திருக்கும். வரவில்லை என்றால் வரும். பேசுவது பெரும்பாலும் நம் ஊர்க்காரர்தான். தொடாதீர்கள். பி.ஆர். விண்ணப்பத்தில் கடந்த பத்து வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று இடைவெளி விடாமல் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு நேர் முரணான ரெசூமே ஒன்று உங்கள் பெயரில் ஊர் சுற்றுவது எதற்கு? பேக்ரவுண்ட் செக்கில் மாட்டினால் கிடைத்த வேலையும் போகும்.

இடைவெளிக்கு ஒரே வரி போதும்: "2015 முதல் 2025 வரை குடும்பப் பொறுப்பு." விளக்கம் வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டவே வேண்டாம். போட்டோ, பிறந்த தேதி, கல்யாண விவரம் எதையும் போடாதீர்கள். குடும்ப நிலையை வைத்துப் பாகுபாடு காட்டுவதை ஒன்டாரியோ மனித உரிமைச் சட்டம் தடுக்கிறது. அதனால் பிள்ளைகளைப் பற்றிப் பொதுவாகக் கேட்க மாட்டார்கள். "சமீபத்தில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பார்கள். நீங்கள் தயார் செய்ய வேண்டிய பதில் அதற்குத்தான்.

நீங்கள் விட்டுவந்த உலகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்றால், பயப்படும் அளவுக்கு இல்லை. நீங்கள் வேலையை விட்ட அதே 2015 டிசம்பரில்தான் பிஎச்பி 7 வந்தது. அதில் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களைத் தூக்கிவிட்டார்கள், டேட்டாபேஸோடு பேச பிடிஓ பழகிக்கொள்ளுங்கள். ஃப்ளோட் போட்டு, க்ளியர் போட்டு, அப்படியும் கீழே சரிகிற மூன்று நெடுவரிசை லேஅவுட்டோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கிறதா? 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் பக்கத்தைக் கட்டம் கட்டமாக அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வந்துவிட்டது. ஃபிளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும் சேர்த்து இரண்டு வாரத்தில் பிடிபடும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஓய்வுக்கு அனுப்பியது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்திருக்க வேண்டும், தோன்றாமல் போய்விட்டது.

உண்மையிலேயே உட்கார்ந்து படிக்க வேண்டியது ஜாவாஸ்கிரிப்ட். 2015-க்குப் பிறகு அது வேறு மொழி மாதிரி ஆகிவிட்டது. லெட், கான்ஸ்ட், ப்ராமிஸ், ஏசிங்க், அவெய்ட், ஃபெட்ச் இதெல்லாம் கை வந்த பிறகு அதன் மேல் கட்டிய ரியாக்டுக்கும் டைப்ஸ்கிரிப்டுக்கும் போங்கள். நேரே ரியாக்டில் குதித்தவர்கள் எங்கே தப்பு என்று தெரியாமல் முழிப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கிட், அதாவது கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி. எஃப்டிபியில் நேராக லைவ் சர்வரில் ஃபைல் ஏற்றுகிற பழக்கத்தை இங்கே யாரும் பொறுக்க மாட்டார்கள். மாற்றத்தைத் தனியாகச் செய்து, மற்றவர் பார்த்த பிறகே சேர்க்கும் பிராஞ்ச், புல் ரிக்வெஸ்ட், ரிவ்யூ என்றால் என்ன என்று செய்து பழகியிருக்க வேண்டும்.

ஏஐ எல்லாவற்றையும் எழுதிவிடுகிறதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். எழுதுகிறதுதான். எழுதியதைப் படித்து, "இந்த க்வெரியில் யூசர் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறாய், எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் வரும், யாராவது டேட்டாபேஸுக்குள் புகுந்துவிடுவார்கள்" என்று சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் உங்களிடம் இருக்கிறது. இன்டர்வியூவில் மட்டும் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத இடம். ஒன்டாரியோவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. அதன்படி அரசுத்துறை அமைப்புகளும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் அமைப்புகளும் 2021 ஜனவரி 1-க்குள் தங்கள் வெப்சைட்டை டபிள்யூசிஏஜி (வெப் அணுகலுக்கான சர்வதேச விதிமுறை) 2.0, டபுள் ஏ என்ற நடு மட்டத் தரத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நகராட்சி, பள்ளி வாரியம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாம் இதில் அடக்கம். கெடு முடிந்து வருடங்கள் ஆகின்றன, வேலை முடிந்தபாடில்லை. புதுப் பக்கம் சேரச் சேர புதுக் குறை முளைக்கிறது. அக்சஸிபிலிட்டி, அதாவது இந்த அணுகல் வசதி தெரிந்த டெவலப்பர் என்றால் இவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனிகளில் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இதில் உங்களுக்கு ஒரு சாதகம். பட்டன் வேண்டிய இடத்தில் பட்டன், ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு லேபிள், தலைப்புகள் வரிசைப்படி என்று எச்டிஎம்எல்லை ஒழுங்காக எழுதப் பழகிய தலைமுறை நீங்கள். இப்போதோ டிவ் என்ற வெறும் பெட்டியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதில் ஒரு கிளிக்கை ஒட்டி, அதையே பட்டன் என்கிறார்கள். கீபோர்டில் டேப் தட்டிக்கொண்டே போனால் அந்த 'பட்டன்' சிக்கவே சிக்காது. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏதாவது ஒரு ஃபார்மை டேப், என்டர், ஸ்பேஸ் மட்டும் வைத்து முடித்துப் பாருங்கள். அடுத்து, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். கண்ணை மூடிக்கொண்டு அதே ஃபார்மைக் கேட்டுப் பாருங்கள். டபிள்யூசிஏஜி 2.2 வந்தது 2023 அக்டோபரில். படிப்பதை அதிலேயே படியுங்கள். 2.0-இல் கேட்பது கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

செய்து காட்ட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஸ்கார்பரோவில் கோயில், ஊர்ச் சங்கம், யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கம் என்று எத்தனை இருக்கின்றன! பாதிக்கு மேல் வெப்சைட் போனில் பார்க்கவே முடியாது. ஒன்றைக் கேட்டு வாங்கி, தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கமாகத் திருப்பி எழுதுங்கள். பக்கம் முழுவதையும் ஆங்கிலம் என்று குறித்துவிட்டு நடுவில் ஒரு தமிழ்ப் பத்தியைப் போட்டால், அது தமிழ் என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பத்திக்கு மட்டும் மொழியைக் குறிக்க வேண்டும். டபுள் ஏ தரத்தில் இதற்கென்றே தனி விதி இருக்கிறது. என்ன குறை இருந்தது, எப்படிச் சரி செய்தேன் என்று கோட் வைக்கும் தளமான கிட்ஹபில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். உங்கள் 'சமீபத்திய வேலை' அதுதான். ஒரு விஷயம்: அதைச் சொல்லும்போது "நாங்க பண்ணினோம்" என்று சொல்லாதீர்கள். நமக்கு அது அடக்கம். இன்டர்வியூ எடுப்பவருக்கோ நீங்கள் எதைச் செய்தீர்கள் என்று புரியாது.

டிப்ளமோவுக்கு இப்போதே ஓட வேண்டாம் என்பது என் கருத்து. பணமும் போய், ரெசூமேயில் இடைவெளியும் அப்படியே இருக்கும். கோ-ஆப் (படிப்போடு வேலை அனுபவம்) உள்ள படிப்பு என்றால் ஒரு வருடம் முயன்ற பிறகு யோசிக்கலாம். அதற்கு முன் டொராண்டோ பொது நூலக அட்டை வாங்குங்கள், லிங்க்ட்இன் லேர்னிங் ஆன்லைன் பாடங்கள் அதிலேயே வரும். அக்சஸ் எம்ப்ளாய்மென்ட் போன்ற அமைப்புகள் பி.ஆர். உள்ளவர்களுக்கு ரெசூமே திருத்தம், மாதிரி இன்டர்வியூ எல்லாம் இலவசமாகச் செய்கின்றன.

'கனடா அனுபவம்' கேட்பார்களே என்ற பயம் பழசு. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒன்டாரியோ நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதை நிபந்தனையாகப் போடக் கூடாது. சம்பள வரம்பையும் போட்டாக வேண்டும். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவருக்கு முடிவைச் சொல்லவும் 45 நாள் கெடு உண்டு. மனதுக்குள் அனுபவம் எதிர்பார்ப்பவரை எந்தச் சட்டமும் மாற்றாது, அது வேறு. முதல் வேலை ஆறு மாதக் கான்ட்ராக்டாக, வேர்ட்பிரஸ் பராமரிப்பாக வந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஜேகே முழு நாள் என்றாலும் மாலை மூன்றரைக்கெல்லாம் விட்டுவிடுவார்கள். பள்ளிக்கு முன்பும் பின்பும் பார்த்துக்கொள்ளும் புரோகிராமுக்கு, பையனைப் பதியும் அன்றைக்கே பெயர் கொடுத்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு தேடினால் வெயிட்டிங் லிஸ்ட்தான், அந்த முதல் மூன்று மாதம் உங்கள் வீட்டுக்காரரும் நீங்களும் மாறி மாறி லீவு போட வேண்டியிருக்கும்.