எந்தத் திரள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் ஒரு சிறிய தொலைநோக்கியும் கேமராவும் இருக்கின்றன. சென்ற வாரம் எடுத்த ஒரு விண்மீன் திரளின் (கேலக்ஸியின்) படத்தில், ஓரமாக ஒரு புள்ளி தெரிந்தது. இணையத்தில் உள்ள பழைய படங்களில் அது இல்லை. சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன் என்றே நம்புகிறேன். ஃபேஸ்புக்கில் போட்டேன், எல்லோரும் வாழ்த்தினார்கள். ஒருவர் மட்டும் "உறுதி செய்தீர்களா?" என்று கேட்டு மனதை நோகடித்துவிட்டார். எப்படி உறுதி செய்வது? தானியங்கித் தொலைநோக்கிகள் வானத்தையே அலசும் காலத்தில் என்னைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா? கண்டுபிடித்தவர் பெயரை அதற்கு வைப்பார்களா?

ச.

அன்புள்ள ச.,

பெயரெல்லாம் வைக்க மாட்டார்கள், அதை விடுங்கள். இடம் உண்டா என்றால், 2023 மே மாதம் எம் 101 என்ற திரளில் சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் கோய்ச்சி இடகாகி என்ற அமெச்சூர்தான்.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பரவசம் எனக்குப் பிரியமானது. ஆனால் ஒரு வாரமாக இரண்டாவது படம் எடுக்காமல் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தீர்களே, அதை மன்னிக்க முடியவில்லை. அத்தனை பேரில் உங்கள் வேலையைப் பொருட்படுத்தியவர் அந்தக் கேள்வி கேட்டவர் ஒருவர்தான்.

சரி, முறையைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் விட்டு அதே இடத்தை மறுபடி எடுக்க வேண்டும். புள்ளி நகர்ந்திருந்தால் சிறுகோள். காணாமல் போயிருந்தால், விண்வெளியிலிருந்து வரும் துகளான காஸ்மிக் கதிர் கேமராவில் பட்ட தடம். படங்களில் கேமராவின் அதே பிக்சலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கேமராவின் கோளாறு. நம் பால்வீதியிலேயே வழியில் நிற்கும் மாறொளிர் விண்மீனாகவும் இருக்கலாம். இதையெல்லாம் கழித்த பிறகும் புள்ளி நின்றால், வானில் புதிதாகத் தோன்றுபவற்றைப் பதியும் தளமான, சர்வதேச வானியல் ஒன்றியத்தின் டிரான்சியன்ட் நேம் சர்வரில் பதியுங்கள். முதலில் 'ஏடி' என்ற முன்னொட்டுதான் கிடைக்கும். யாராவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்து, எந்த வகை சூப்பர்நோவா என்று சொன்ன பிறகே 'எஸ்என்'. நிறமாலையில் ஹைட்ரஜனுக்குரிய கோடுகள் தெரிந்தால் பெரிய விண்மீனின் மையம் சரிந்திருக்கிறது. ஹைட்ரஜன் இல்லாமல் சிலிக்கான் அழுத்தமாகத் தெரிந்தால், வெடித்தது ஒரு வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. புள்ளியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அது எந்தத் திரள் என்று ஓர் இடத்திலும் சொல்லவில்லை!

2014 ஜனவரி 21 அன்று லண்டன் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ஸ்டீவ் ஃபாஸி தன் மாணவர்களுக்குத் தொலைநோக்கியை இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் மூடிக்கொண்டு வந்தது. அவசரமாக எம் 82 என்ற திரளின் பக்கம் திருப்பிப் பார்த்தால், முன்பு பார்த்த நினைவில்லாத ஒரு விண்மீன். பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள். கருவியின் கோளாறாக இருக்கக்கூடாதே என்று, மேகத்தோடு போட்டிபோட்டு இன்னொரு தொலைநோக்கியாலும் எடுத்தார்கள். அதுதான் எஸ்என் 2014ஜே, சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில். அதற்கு முந்தைய சில நாள்களிலேயே எம் 82-ஐ எடுத்த வேறு சிலரின் படங்களில் அந்த விண்மீன் பதிவாகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஒரு தெருவில் தினமும் நடப்பவனுக்குத்தான் அங்கே நிற்கும் புது ஆள் கண்ணில் படுவான். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் எவன்ஸ் கண்ணால் பார்த்தே நாற்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு திரளைச் சுற்றியும் எந்த விண்மீன் எங்கே இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

எனக்கு வானத்தைக் காட்டிய நண்பர் ஒருவர் ஒரே திரளைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்வார். சலித்துப்போய், "புதிதாக ஏதாவது காட்டுங்களேன்" என்றேன். "இதையே நீ இன்னும் பார்க்கலையே" என்றார். அன்று அவர்மேல் வந்த எரிச்சல் அடங்கவே வெகுநாள் ஆயிற்று. இன்று கண்ணை மூடினாலும் அந்தத் திரளை வரைந்துவிடுவேன். அதில் எந்த விண்மீனும் வெடிக்கவில்லை. அதற்காக அந்த இரவுகளை வீண் என்று யாராவது சொன்னால் சண்டைக்கே போவேன்.

இணையத்துப் பழைய படத்தை நம்பாதீர்கள். அந்தப் படத்தில் எவ்வளவு மங்கலான விண்மீன்கள் வரை பதிவாகியிருக்கின்றன என்று தெரியாமல், அதில் இல்லாததைப் புதிது என்று சொல்ல முடியாது. உங்கள் கருவியால், அதே வடிகட்டியோடு நீங்களே எடுத்த பழைய படம் வேண்டும். உங்களிடம் இல்லை, இல்லையா? இனி சில திரள்களைத் தேர்ந்து, மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

சூப்பர்நோவா என்றால் வாரக்கணக்கில் தெரியும், ஆகவே இன்னும் தாமதமாகிவிடவில்லை. இன்றிரவே மறுபடி எடுத்து அனுப்புங்கள். திரளின் பெயரோடு.