மூன்றாவது ஆள்

அன்புள்ள ஐயா,
ஜமைக்காவின் ஹெர்ப் மெக்கென்லி பற்றிப் படித்தேன். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்து தனி ஓட்டத்தில் மூன்று வெள்ளி, தங்கம் ஒன்றுகூட இல்லை. ராசியில்லாத மனிதர்! ரிலேயில் 400 மீட்டரை 44.6 நொடியில் ஓடினாராமே, அது ஏன் உலக சாதனை ஆகவில்லை?
வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

ரிலேயில் ஓடிக்கொண்டேதான் பேட்டனை, அதாவது கைமாற்றுகிற குச்சியை, வாங்குவார்கள். நின்று கிளம்புகிற ஓட்டத்தோடு அதைச் சேர்க்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ராசி என்று எழுதினீர்களே, எரிச்சலாக இருந்தது. ஹெல்சிங்கியில் 100 மீட்டரில் ஜெயித்த ரெமிஜினோவுக்கும் மெக்கென்லிக்கும் ஒரே நேரம், 10.4 நொடி. ரெமிஜினோவே தான் தோற்றுவிட்டதாக நினைத்து இவருக்கு வாழ்த்துச் சொன்னார். புகைப்படம் பார்த்துத்தான் தீர்ப்பு. 400 மீட்டரிலும் ஜெயித்த சக ஜமைக்கா வீரர் ஜார்ஜ் ரோடனுக்கும் இவருக்கும் ஒரே 45.9. 100, 200, 400 மூன்றிலும் ஒலிம்பிக் இறுதிச்சுற்று ஓடியவரை ஜாதகக் கட்டத்தில் அடைக்காதீர்கள்.

அந்த ரிலேயைப் பற்றித்தான் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் நான் ரிலேயின் மூன்றாவது ஆள். ஏன் சார் என்று கேட்டதற்கு, "உன்னை வேறெங்கேடா ஒளிக்கிறது?" என்றார் பி.டி. வாத்தியார். எல்லோருக்கும் இதே நினைப்புதான். முதல் ஆளுக்குத் துப்பாக்கிச் சத்தம், கடைசி ஆளுக்குப் போட்டோ, நடுவில் ஓடுகிறவனை அவன் அம்மாகூடப் பார்ப்பதில்லை. ஹெல்சிங்கியில் அந்த இடத்தில்தான் மெக்கென்லி ஓடினார். முந்தைய லண்டன் ரிலேயில் ஆர்தர் விண்ட்டுக்குத் தசை பிடித்து, ஜமைக்கா முடிக்காமலேயே நின்றிருந்தது. இந்த முறை இவர் கைக்குப் பேட்டன் வரும்போது பத்து மீட்டருக்கும் மேல் பின்னால். முன்னால் போவதோ அமெரிக்காவின் சார்லஸ் மூர், அதே ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கிய ஆள். துரத்தித் துரத்தி, கடைசியில் மூரைத் தாண்டி, யாரிடம் தோற்றாரோ அந்த ரோடன் கையிலேயே பேட்டனைக் கொடுத்தார். ஜமைக்கா 3:03.9, உலக சாதனை, அமெரிக்கா 3:04.0. அந்தப் பத்தில் ஒரு நொடியை யார் சம்பாதித்தது, சொல்லுங்கள் பார்ப்போம்? தங்கம்கூட இல்லை என்கிறீர்கள், ரிலே தங்கம் மட்டும் கணக்கில் வராதா?

நான் ஓடிய கதை வேறு. சுண்ணாம்புக் கோடு, வெறுங்கால், வியர்வையில் வழுக்குகிற மூங்கில் துண்டு. நாலாவது பையன் கையில் கொடுப்பதாக நினைத்து அவன் முதுகில் குத்தினேன். அப்படியும் இரண்டாவதாக வந்தோம், ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா. வீட்டில் இப்போது அதில் கடுகு இருக்கிறது.