சி.டி. ரிப்போர்ட்டில் 'கீரோஸ் வகை 3' என்று இருந்தால் பயப்பட வேண்டுமா?

சைனஸ் ஆபரேஷனுக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'இடப்பக்கம் கீரோஸ் வகை 3' என்று இருக்கிறது, இது என்ன வியாதி என்று கேட்டிருக்கிறீர்கள். வியாதியே இல்லை. உங்கள் மண்டையோட்டின் அடித்தளம் வளர்ந்திருக்கும் விதம் அது. உங்களுக்கு அதனால் தொந்தரவு கிடையாது. மூக்கு வழியாகக் கருவியை உள்ளே விடப்போகும் டாக்டர்தான் அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். முதல் வருஷம் படிக்கும்போது, மேல்மூடி அறுத்த ஒரு மண்டையோட்டின் மூக்குத் துவாரத்தில் டார்ச்சைப் பிடித்து உள்ளே பார்த்தோம். நடுவில் ஓரிடத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். வாசனை நரம்பின் இழைகள் மூளைக்கு ஏறிப்போகும் துளைகள் அவை. சல்லடை போலத் துளைகள் உள்ள அந்த எலும்புத் தட்டு ஒரு சின்னப் பள்ளத்தின் அடியில் இருக்கிறது. அந்தப் பள்ளம் எல்லாருக்கும் ஒரே ஆழம் இல்லை. 1962-இல் கீரோஸ் என்ற மருத்துவர் அதை மூன்றாகப் பிரித்தார்: 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 முதல் 16 வரை மூன்றாவது.

ஆழம் கூடக்கூட, பள்ளத்தின் பக்கச் சுவரும் உயரமாகிறது. ஆபத்து அந்தச் சுவரில்தான். அதன் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர், ஒரு சின்னத் தமனி துளைத்துப் போகும் இடத்தில் அதைவிட மெலிசு. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சுத்தம் செய்யும் சைனஸ் அறைகள், அந்தப் பக்கம் மூளை. அதில் ஓட்டை விழுந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கில் ஒழுகும், மூளைக்காய்ச்சல் வரலாம்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பவும் முடியாது. நான் ஆபரேஷன் செய்த ஒரு பையனுக்கு வலப்பக்கம் 4, இடப்பக்கம் 9 மில்லிமீட்டர். வலப்பக்கம் முடித்த அதே வேகத்தில் இடப்பக்கம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அன்றைக்கு ஸ்கேன் படத்தைக் கண்ணெதிரே மாட்டிவைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

இப்படி ஆளுக்கு ஆள் மாறும் அமைப்புகள் மூக்கிலும் காதிலும் இன்னும் உண்டு. சிலருக்கு 'ஓனோடி அறை' என்ற பின்பக்கச் சைனஸ் அறையின் சுவரை ஒட்டியே பார்வை நரம்பு ஓடும். சிலருக்கு மூளைக்குப் போகும் பெரிய தமனி நடுக்காதுக்குள் வழிதவறி வந்திருக்கும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிவதைக் கட்டி என்று நினைத்துச் சதை எடுத்தால் ரத்தம் கொட்டிவிடும்.

அதனால் ஆபரேஷனுக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேனின் முழுப் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். 'இடப்பக்கம் ஆழம் அதிகமாமே, பார்த்தீர்களா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். அப்புறம், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின், குனிந்தால் ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீர் போலச் சொட்டினாலோ, தொண்டையில் உப்புக் கரித்தாலோ, சளி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.