பழைய செஸ் பத்திகள்

கேள்வி: 1860களின் லண்டன் நாளிதழ் பக்கம் ஒன்றில் வந்த ஆட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்த்தேன். பாதியில் காய்கள் பொருந்தவில்லை. எங்கே தவறியிருக்கும்?

பதில்: முதலில் குறியீட்டைப் பாருங்கள். அன்று கட்டங்களை ஒவ்வொரு ஆட்டக்காரரும் தம் பக்கத்திலிருந்தே எண்ணினர். வெள்ளையின் 'ராஜா 4' (தொடக்கத்தில் ராஜா நிற்கும் நெடுவரிசையில் நான்காம் கட்டம்) இன்றைய இ4. கறுப்பின் 'ராஜா 4' இ5. 'குதிரை, பிஷப் 3' என்றால் வெள்ளைக்குச் சி3 அல்லது எஃப்3. ராஜா பக்கமா, ராணி பக்கமா என்பதை அச்சுக்கோப்பவர் விட்டிருந்தால் இரண்டையும் ஆடிப் பாருங்கள். சில நகர்த்தல்கள் கழித்து அந்தக் குதிரை எங்கிருந்து வெட்டுகிறது, எங்கே 'செக்' என்று அச்சாகியிருக்கிறது என்பது விடையைக் காட்டிவிடும். மங்கிய அச்சில் 3, 8 ஆகத் தெரிவதும் உண்டு.

தொடக்கமே இடித்தால், காய் விட்டுக்கொடுத்த ஆட்டமா (வலுவானவர் ஒரு காய் குறைவாகத் தொடங்குவது) என்று தலைப்பைப் படியுங்கள். 'எஃப்7 சிப்பாயை நீக்குக' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அக்காலத்தில் கறுப்பு முதலில் நகர்த்திய ஆட்டங்களும் உண்டு.

அடுத்த வாரங்களின் வாசகர் பதில்களைத் தவறவிடாதீர்கள். திருத்தங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 1845 முதல் 1874 வரை ஆங்கிலேய செஸ் வல்லுநர் ஹோவர்ட் ஸ்டான்டன் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழின் செஸ் பத்தியில் வாசகர்களுக்கு எழுதிய பதில்களே ஒரு புதையல். ஒரு இதழைப் பார்த்து மற்றொன்று மறுபதிப்புச் செய்தபோது பிழையும் சேர்ந்தே பரவியது. ஆகவே, எத்தனை இதழ்களில் ஒரே மாதிரி வந்திருக்கிறது என்பதை நம்பாமல் மிகப் பழைய அச்சையே நம்புங்கள்.