ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதா? காலிப்பரை மாற்றும் முன்...

கேள்வி: 8 வருடமான ஹேட்ச்பேக் கார். கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன்பக்க இடது சக்கரம் மட்டும் தொட முடியாத அளவு சுடுகிறது. வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. காலிப்பரை (பிரேக் பேடுகளைச் சக்கரத்தின் டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றணும் என்கிறார் மெக்கானிக். அதன் சீல், பூட் அடங்கிய ரப்பர் கிட் போட்டால் போதாதா? மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றணுமா?

பதில்: மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள்.

பெடலை மிதிக்காமலே பிரேக் விடாமல் பிடித்திருக்கும் நிலையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருக்கும். அப்போது காலிப்பரில் இருக்கும் பிளீடர் நிப்பிளை (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) கொஞ்சம் தளர்த்தணும். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் சட்டென்று லேசாகிவிட்டால் பிரச்சினை காலிப்பரில் இல்லை. பிரஷர் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு சக்கரம் என்றால் பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ்தான். உட்புறம் ஊதி அடைத்திருக்கும். நாம் மிதிக்கும் வேகத்துக்கு ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும். இதைக் கவனிக்காமல் புதுக் காலிப்பர் போட்டவர்கள் நிறையப் பேர். சக்கரம் அப்புறமும் சுடும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லையா? சரி, காலிப்பர்தான். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, காலிப்பர் நகர்கிற பின்களை. ஒரே சக்கரத்தில் ஒரு பேடு மெலிந்து, இன்னொன்று தடிமனாக இருந்தால் சந்தேகம் பின்மேல்தான். கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் பிரேக் கிரீஸ் தடவினாலே பல வண்டிகளில் வேலை முடிந்துவிடும். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

அடுத்தது, காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டன். பெடலை விட்டதும் அதைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல். மிதிக்கும்போது வளைந்து, விட்டதும் நிமிரும். வெளி பூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் துரு ஏறி இந்த அசைவு நின்றுபோகும். பிஸ்டனைக் கழற்றி நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் தாராளமாகப் போதும். நகம் எங்கேயாவது தட்டினால், கிட் போட்டாலும் ஒழுகும். முழுக் காலிப்பரையே மாற்றிவிடுங்கள்.

வலது பக்கக் காலிப்பர் நன்றாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். பேடு மட்டும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றணும், இல்லையென்றால் வண்டி மறுபடி ஒரு பக்கம் இழுக்கும். ஹோஸையும் ஜோடியாக மாற்றுவது நல்லது, இரண்டுக்கும் ஒரே வயசு.

மாட்டும்போது பிளீடர் நிப்பிள் மேல்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறிவிட்டால் அது கீழே வரும். எவ்வளவு பிளீடிங் செய்தாலும் (நிப்பிள் வழியே ஆயிலோடு ஏரை வெளியேற்றுவது) ஏர் போகாது. ஹோஸ் போல்டுக்குப் புதுச் செப்பு வாஷர் இரண்டு போடணும். ஆயில், ரிசர்வாயர் மூடியில் குறித்திருக்கும் ரகமே. திறந்து வைத்த பழைய டப்பா கூடாது: டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்த பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதி தரைவரை போகும். கெட்டியான பிறகே கியரைப் போடுங்கள்.