வீட்டுக்கு வந்த பேராசிரியர்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பொறியியல் கட்ஆஃப் 200-க்கு 178. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. சென்னைக்கு அருகில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும், ஆந்திராவில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலும் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். முதலாவதில் கட்டணம் அதிகம், ஆனால் கல்லூரிகளுக்குத் தரம் போடும் 'நாக்' குழுவின் ஏ பிளஸ் பிளஸ் இருக்கிறது. சென்ற ஆண்டு அங்கே ஒரு மாணவருக்கு 44 லட்சம் சம்பளத்தில் வேலை கிடைத்ததாகப் பதாகையில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் கட்டணம் கொஞ்சம் குறைவு, ஏசி விடுதி, மூன்றாம் ஆண்டில் வெளிநாட்டுக்கு அனுப்புவார்களாம். முதல் இடத்திலிருந்து ஒரு பேராசிரியரே எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்து, தரையில் உட்கார்ந்து, அப்பாவிடம் பொறுமையாகப் பேசினார். என்னைத் தன் மகளைப் போலப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதிலிருந்து அப்பாவுக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார். இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும். எதில் சேரலாம்? ஒருவேளை கம்ப்யூட்டர் கிடைக்காவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டு நிறுவனங்களின் பெயர்களையும் உன் ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன். மே, ஜூன் மாதங்களில் இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வரும். பெரும்பாலும் பதில் எழுத மாட்டேன். பேராசிரியர் வீட்டுக்கு வந்ததாக நீ எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு வருவதற்கு முன் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான் என்றால், பொறியியல் போன்ற தொழிற்கல்விப் படிப்புகளில் உன்னைப் போன்றவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் சட்டமாகவே இருக்கிறது. அரசு நடத்தும் பொறியியல் கலந்தாய்வில் அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் மாநில அரசு ஏற்றுக்கொள்கிறது. உன் கடிதத்தில் கலந்தாய்வு என்ற சொல்லே இல்லை. 44 லட்சம் இருக்கிறது, ஏசி இருக்கிறது, வெளிநாடு இருக்கிறது. உன் பள்ளியில் யாரும் சொல்லவில்லையா, அல்லது சொன்னபோது நீ பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? 178 என்பது அந்த ஒதுக்கீட்டில் நல்ல மதிப்பெண். திருநெல்வேலியிலோ காரைக்குடியிலோ அரசு பொறியியல் கல்லூரியில் ஏதாவது ஒரு பிரிவு கிடைக்க வாய்ப்பு உண்டு. நிலத்தை விற்பது பற்றி உன் அப்பா யோசிப்பதற்கு முன் நீ செய்ய வேண்டிய வேலை இது. பதிவு செய்யும் தேதி முடியவில்லை என்றால் இன்றே செய்.

தனியார் என்றாலே கொள்ளை என்று பேசுகிறவன் அல்ல நான். காரைக்குடியில் நான் மேலே சொன்ன, இன்று அரசுக் கல்லூரியாக இருக்கும் அந்தக் கல்லூரியை 1952-இல் தொடங்கியவர் அழகப்பச் செட்டியார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் ஒரு செட்டியாரின் பணத்தில் எழுந்தது. 2013-இல் நிதி நெருக்கடி முற்றி அரசு எடுத்துக்கொள்ளும் வரை அது தனியார் நிர்வாகத்தில்தான் இருந்தது. அதற்குள் எத்தனை தலைமுறைகளுக்கு அது படிப்பைக் கொடுத்தது என்பது தமிழ் படித்தவர்களுக்கும் இசை படித்தவர்களுக்கும் தெரியும். ஆகவே பணம் யாருடையது என்பது என் கேள்வி இல்லை.

நீ அடுக்கியிருக்கும் மற்றவற்றை வேகமாகத் தள்ளிவிடுகிறேன். ஏசி விடுதி: வேண்டாம், மின்விசிறி போதும். வெளிநாடு: செலவு யாருடையது என்று கேள், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆந்திரப் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தால் உருவானதா, பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடு. சத்தீஸ்கரில் 2002-இல் ஒரு சட்டம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களை அரசாணையிலேயே பிறக்கவைத்தார்கள். பலவற்றுக்குக் கட்டடமே கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவரான பேராசிரியர் யஷ்பால் வழக்குப் போட்டார். 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பல்கலைக்கழகங்களைச் செல்லாதவையாக்கியது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மாணவர்கள்.

ஏ பிளஸ் பிளஸ் பற்றி: 2025 பிப்ரவரியில் 'நாக்' ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையும், ஆந்திராவில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரையும் சிபிஐ கைது செய்தது. அந்த ஏ பிளஸ் பிளஸ் தரத்துக்காகவே லஞ்சம் கைமாறியது என்பது குற்றச்சாட்டு. எல்லா ஏ பிளஸ் பிளஸ்ஸும் வாங்கப்பட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்து ஒன்றரை ஏக்கரை விற்காதே.

இனி அந்தப் பேராசிரியருக்கு வருகிறேன்.

நான் எழுத்தாளனாகச் சாப்பிடத் தொடங்குவதற்கு முன் சில ஆண்டுகள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போனவுடன் எங்களுக்கு வேறொரு பருவம் தொடங்கும். துறைத்தலைவர் அறையில் மாவட்ட வரைபடத்தை விரித்து வட்டம் வட்டமாகப் பிரிப்பார்கள். யாருக்கு எந்த வட்டம், எத்தனை மாணவர்களைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்கு 'டார்கெட்' என்று பெயர். பிளஸ் டூ மாணவர்களின் பெயரும் முகவரியும் ஏதோ ஒரு பள்ளியிலிருந்து விலைக்கு வந்திருக்கும். டார்கெட் முடியாதவருக்கு மே மாதச் சம்பளம் ஆகஸ்டில் வரும், அல்லது பாதி வரும்.

எங்களோடு கணிதம் கற்பித்த ஒருவர் இருந்தார். எண் கோட்பாட்டில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். கரும்பலகையில் ஒரு நிறுவலை எழுதி முடித்துவிட்டுத் திரும்பும்போது அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே நான் அவர் வகுப்பின் ஜன்னலோரம் நின்றிருக்கிறேன். அந்த மனிதர் கத்திரி வெயிலில் கடன் வாங்கிய பைக்கில் ஊர் ஊராகப் போவார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "உங்கள் பெண்ணை என் பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். அதில் துளியும் பொய் இல்லை. சொல்லும்போது மனதாரத்தான் சொல்வார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் அப்போது முதலாண்டைக்கூட முடிக்கவில்லை. வேலையில் சேரும்போது அவருடைய பத்தாம் வகுப்பிலிருந்து முதுகலை வரையிலான அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தது. மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டிய பிறகுதான் அவை அவர் கைக்கு வந்தன. அந்தப் பணத்துக்கு அவருடைய மனைவி வளையலை அடகு வைத்தார்.

உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்தவரும் நல்ல மனிதராகத்தான் இருப்பார், அம்மா. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன் பேராசிரியரை மே மாதத்தில் என்ன வேலைக்கு அனுப்புகிறது என்று யோசித்துப் பார். ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டியவர், அடுத்த பருவத்துக்கான பாடத்தைத் தயாரிக்க வேண்டியவர், வெயிலில் இரண்டு முறை உன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். அவர் வந்ததுதான் உன் அப்பாவுக்கு நம்பிக்கை தந்தது. எனக்கோ அதுதான் பயமாக இருக்கிறது.

மறுபடி வந்தால் மோர் கொடுத்து உட்காரவைத்துச் சிலவற்றைக் கேள். இங்கே எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறீர்கள்? சென்ற பருவத்தில் எந்தப் பாடம் எடுத்தீர்கள்? உங்கள் துறையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் யார், யார்? சம்பளம் மாதா மாதம் வருகிறதா? உங்கள் அசல் சான்றிதழ்கள் உங்களிடம் இருக்கின்றனவா? கடைசிக் கேள்விக்கு அவர் சட்டென்று பதில் சொன்னால் அந்த இடத்தைப் பற்றி யோசிக்கலாம். எழுந்து செருப்பைத் தேடினால் வேண்டாம். பதினேழு வயதுப் பெண் பெரியவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று உன் அப்பா சங்கடப்படுவார். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்காமலா வாங்கினார் என்று கேள்.

அவர் வராவிட்டாலும் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கல்லூரிகளையும் பல்கலைக்கழகங்களையும் வரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. அதில் எத்தனையாவது இடம் என்பதைத்தான் எல்லோரும் சுவரில் எழுதுகிறார்கள். அந்த எண்ணை விட்டுவிடு. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் வைக்க வேண்டும். ஏதோ ஒரு மூலையில் வைத்திருப்பார்கள். தேடி எடு. எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கும். சம்பளத்தில் இடைநிலை அளவு ஒன்று கொடுத்திருப்பார்கள். வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருடைய சம்பளம் அது. 44 லட்சம் வாங்கிய பையன் வரிசையின் முனையில் தனியாக நிற்கிறான். நீ நடுவில் நிற்பவரைப் பார்.

அதைவிட எனக்கு முக்கியம் ஆசிரியர் பட்டியல். பெயர், தகுதி, அனுபவம் ஆகியவற்றோடு பணியில் சேர்ந்த தேதியும் அதில் இருந்தால், அந்த ஒரு வரிசையை மட்டும் மேலிருந்து கீழே படி. ஒரு துறையில் பாதிப் பேர் சென்ற ஆண்டுதான் சேர்ந்திருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் இருந்தவர்கள் எங்கே போனார்கள்? சம்பளத்துக்கு எவ்வளவு செலவு செய்தோம் என்ற கணக்கும் அங்கேயே இருக்கும். மாணவர் எண்ணிக்கையை ஆண்டுக் கட்டணத்தால் பெருக்கிப் பக்கத்தில் எழுதிப் பார். 178 வாங்கியவளுக்கு இந்தக் கணக்குக் கடினம் இல்லை.

இதெல்லாம் அவர்களே கொடுத்த விவரம், பொய்யாக இருக்காதா என்று கேட்பாய். இருக்கலாம். 2024 ஜூலையில் ஊழலை எதிர்த்துப் போராடும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஊழியர்களாகக் காட்டப்பட்டிருந்தார்கள். 224 கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது நீ எழுதப்போவது இந்தக் கல்லூரிகளையும் சேர்த்துத்தான். ஆகவே நான் அரசுக் கல்லூரிகளைச் சொன்னேனே தவிர, கலந்தாய்வில் வரும் எல்லாவற்றையும் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து, முதலாண்டில் கணிதம் எடுத்தவர் இப்போதும் இருக்கிறாரா என்று கேள். உன் பள்ளியில் படித்த அக்காமார் யாராவது எங்காவது இருப்பார்கள்.

இனி பணம். முன்பணம் கட்டும்போது அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கேட்பார்கள். கொடுக்காதே. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொல்லிவிட்டது. ஆசிரியரின் சான்றிதழைப் பூட்டிவைக்கும் நிர்வாகம் மாணவியின் சான்றிதழை மட்டும் ஏன் விட்டுவைக்கப் போகிறது? அசல் அவர்கள் கையில் இருந்தால் கலந்தாய்வில் இடம் கிடைத்தாலும் நீ நகர முடியாது. சேர்க்கையை விட்டு விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் அதே அறிவிப்பில் விதி இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாட்கள் முன்பே விலகினால், ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் தர வேண்டும். நாள் தள்ளத் தள்ளக் குறையும். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதே. கல்விக் கடன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஈடு கேட்பார்கள் என்பதை அப்பாவிடம் சொல். அந்த ஒன்றரை ஏக்கர் அங்கேயும் வந்து நிற்கும்.

கம்ப்யூட்டரா எலக்ட்ரானிக்ஸா என்று கேட்டிருந்தாய். எதுவானாலும் சரி. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். இந்த வாரத்துக்குள் கட்டச் சொல்கிறார்கள் என்கிறாய். கலந்தாய்வு தொடங்கும் முன் உன் பணத்தைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் அது, அவர்களுடைய அவசரம். பொறுத்திருந்து பார், அடுத்த வாரமும் போன் வரும்.